நூலில் இருந்த விஞ்ஞானம் மேடையிலும் திரையிலும் என்ன ஆகிறது?

பத்திரிகையில் தொடராக வந்த கதை திரைப்படமாகும்போதெல்லாம் நம் வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒரு வழக்கு எழும். கதையைப் படித்தவர் ஒரு கட்சி. படத்தை மட்டும் பார்த்தவர் மற்றொரு கட்சி. "கதையில் இப்படி இல்லையே, கெடுத்துவிட்டார்களே!" என்பார் முதலாமவர். "படம் நன்றாகத்தானே இருந்தது?" என்பார் மற்றவர். இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைப்பதில்லை. ரசனை அவரவர்க்கு உரியது என்று சொல்லிக் கலைந்து விடுகிறார்கள்.

குடும்பக் கதை, காதல் கதை என்றால் அப்படிக் கலைந்து போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் விஞ்ஞானக் கதை என்று வரும்போது, ரசனையோடு இன்னொன்றையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல விஞ்ஞானக் கதை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதியை வகுத்துக் கொள்கிறது. "ஒரு மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான்" என்பது ஒரு விதி. "ஓர் இயந்திரம் சொன்னதையெல்லாம் செய்யும், ஆனால் நல்லது கெட்டது அறியாது" என்பது இன்னொரு விதி. அந்த விதியை ஏற்றுக்கொண்ட பிறகு அதிலிருந்து என்னென்ன விளைகின்றன என்று படிப்படியாகப் பார்ப்பதில்தான் கதையின் சுவை இருக்கிறது. விதியை வகுத்துக்கொண்டு விளைவுகளைத் தேடுவது விஞ்ஞானியின் வேலையும்தான். எனவே இத்தகைய கதை மேடைக்கோ திரைக்கோ போகும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கதையின் விதி பிழைத்ததா?

சென்னையைச் சேர்ந்த ஓர் எழுத்தாளரின் படைப்புகளை முக்கிய சான்றாக எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம். சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935-2008) குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர், பிற்காலத்தில் மயிலாப்பூர்வாசி. அவருடைய எழுத்து பத்திரிகை, புத்தகம், சபா மேடை, தொலைக்காட்சி, திரைப்படம் என்று எல்லா வழிகளிலும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான உதாரணம் தமிழில் இல்லை.

லண்டன் சிங்கப்பூரானது, சனி வியாழனானது

முதலில், கதையில் எதை மாற்றினாலும் குற்றம் என்று எண்ணுவது தவறு. சுஜாதாவின் 'ப்ரியா' நாவல் லண்டனில் நடக்கிறது. 1978இல் அது படமானபோது லண்டன் சிங்கப்பூராக மாறியது. நாவலை ரசித்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு துப்பறியும் கதையில் ஊர் மாறுவதால் மட்டும் அதன் தர்க்கம் உடைந்து போவதில்லை.

இதே போன்ற, ஆனால் இதைவிடப் பெரிய இடமாற்றம் ஒன்று உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் படத்தில் நடந்திருக்கிறது. நமது அண்டை நாடான இலங்கையில் 1956 முதல் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001' என்ற படைப்பு 1968இல் படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. நாவலில் விண்கலம் வியாழனின் அருகே சென்று, அதன் ஈர்ப்பு விசையால் வேகம் பெற்று, சனிக் கிரகத்துக்குப் போகிறது. படத்திலோ பயணம் வியாழனோடு முடிந்து விடுகிறது. காரணம் எளிது. சனியைச் சுற்றியுள்ள வளையங்களைப் பார்ப்பவர் நம்பும்படி திரையில் செய்து காட்ட அன்றைய தந்திரக் காட்சிக் கலைஞர்களால் இயலவில்லை.

இந்த மாற்றத்தால் ஒரு நல்ல விஞ்ஞானச் செய்தி படத்திலிருந்து விழுந்து விட்டது. ஒரு கிரகத்தின் ஈர்ப்பைக் கவண் போலப் பயன்படுத்தி அடுத்த கிரகத்துக்குச் செல்லும் உத்தியைப் பின்னாளில் வாயேஜர் விண்கலங்கள் மெய்யாகவே கையாண்டன. வாயேஜர் 1 என்ற கலம் 1979இல் வியாழனைக் கடந்து 1980இல் சனியை அடைந்தது. நாவலைப் படித்தவருக்கு முன்கூட்டியே கிடைத்த இந்த அறிவு, படம் பார்த்தவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் படத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் விண்வெளியின் அடிப்படை விதிகளை அது விடாமல் காப்பாற்றியது. காற்றில்லாத வெளியில் ஒலி பரவாது. ஆகவே கலத்துக்கு வெளியே நடக்கும் காட்சிகளில் ஓசை கேட்பதில்லை. வீரனின் மூச்சொலி மட்டும் அவன் உடைக்குள்ளிருந்து கேட்கிறது. கலத்துக்குள் எடை உணர்வு வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய சக்கரம் சுழல்கிறது. கிரகம் மாறியது, விதி மாறவில்லை. கிளார்க்கே 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது தம் பழைய சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே எடுத்துக்கொண்டார். நூலாசிரியரே படத்துக்குப் பணிந்த அபூர்வமான நிகழ்ச்சி இது!

கதையும் படமும் ஒன்றாக வளர்ந்ததற்குத் தமிழிலும் உதாரணம் உண்டு. 1986இல் வெளிவந்த 'விக்ரம்' படத்தின் கதையைச் சுஜாதா குமுதம் இதழில் தொடராகவும் எழுதினார். 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணை களவு போகிறது. அதைத் தேடிப் போகிறான் நாயகன். தொடக்கம் நல்ல தொடக்கம். உண்மையான அக்னி ஏவுகணை 1989 மே 22இல் தான் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது என்பதை நினைத்தால் வியப்பாகவும் இருக்கிறது. ஆனால் படம் பாதி வழியில் சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குள் நுழைந்து, ராஜா, இளவரசி, ஆடல் பாடல் என்று திசை மாறுகிறது. ஏவுகணை எப்படி இயங்குகிறது, அதை எப்படித் தடுப்பது என்ற கேள்வியின் இறுக்கம் அங்கே தளர்ந்து விடுகிறது. இங்கே மாறியது ஊர் மட்டுமல்ல.

மறைந்த மனிதனுக்குப் பசிக்குமா?

விதியைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு மிகச் சிறந்த பாடம் எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்'. ஒளி ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்பினாலோ, உறிஞ்சப்பட்டாலோ, வளைந்தாலோதான் அது நம் கண்ணுக்குப் புலப்படும். ஒருவனுடைய உடல் முழுவதும் காற்றைப் போலவே ஒளியை வளைக்காமல் விட்டுவிட்டால் அவன் தெரியமாட்டான். வெல்ஸ் வகுத்த விதி இவ்வளவுதான். இதிலிருந்து அவர் கறாராகக் கணக்குப் போடுகிறார். உடல் மறையும், உடை மறையாது. ஆகவே அவன் குளிரில் ஆடையின்றித் திரிய வேண்டும். உண்ட உணவு செரிக்கும் வரை வயிற்றில் தெரியும். பூனையை வைத்துச் செய்த சோதனையில் அதன் கண்ணின் பின்புறப் படலம் மறையாமல் நின்றுவிடுகிறது.

இந்தக் கடைசிச் செய்தியில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. நாம் பார்க்க வேண்டுமானால் விழித்திரை ஒளியை உறிஞ்ச வேண்டும். முற்றிலும் மறைந்த மனிதனின் விழித்திரை ஒளியை உறிஞ்சாது. எனவே அவன் குருடனாகத்தான் இருப்பான்! வெல்ஸின் விதியை வெல்ஸைவிடத் தூரம் கொண்டுபோனால் இந்த முடிவுக்கு வருகிறோம். நல்ல கதை வாசகனை இப்படித் தானே கணக்குப் போடத் தூண்டுகிறது.

1933இல் ஜேம்ஸ் வேல் இதைப் படமாக்கினார். நாயகனாக நடித்த கிளாட் ரெயின்ஸின் முகம் படத்தின் முடிவில், அவன் இறக்கும்போதுதான் தெரிகிறது. நடிகரின் உடலைக் கறுப்பு வெல்வெட்டால் மூடி, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன் நடிக்க வைத்துப் படம் பிடித்து, அதை வேறொரு காட்சியோடு இணைத்து அச்சிட்டார்கள். உடை மட்டும் நடமாடுவதுபோல் தோன்றியது. தந்திரம் பெரிதுதான். அதைவிடப் பெரிது, உணவு, மழை, குளிர் என்று வெல்ஸ் போட்ட கணக்குகளைப் படம் மறக்காமல் எடுத்துக்கொண்டது. இங்கே தந்திரம் விதிக்கு வேலைக்காரனாக இருக்கிறது. இந்த உறவு தலைகீழாகும்போதுதான் விஞ்ஞானக் கதை வேடிக்கைக் காட்சியாகிறது.

சபா மேடைக்கு வந்த எதிர்கால மனிதன்

இனி மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் உலகத்துக்கு வருவோம். ஒரு வீட்டுக் கூடம், நான்கு நாற்காலி, பின்னால் ஒரு திரை, மேலே தொங்கும் ஒலிவாங்கிகள் - சபா நாடகங்கள் பலவற்றின் தளவாடம் இவ்வளவுதான். இந்த மேடையில் விஞ்ஞானக் கதை எப்படி நடக்கும் என்று கேட்கத் தோன்றும். நடந்தது. சுஜாதா எழுதி, பூர்ணம் விஸ்வநாதன் (1921-2008) தம் குழுவினரோடு மேடையேற்றி நடித்த 'கடவுள் வந்திருந்தார்' அப்படிப்பட்ட நாடகம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சீனிவாசன் என்ற நடுத்தரக் குடும்பத்து மனிதர் முன் எதிர்காலத்திலிருந்து ஜோ என்பவன் வந்து நிற்கிறான். சீனிவாசன் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிகிறான். மனைவிக்கும் மகளுக்கும் தெரிவதில்லை. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசும் கணவரைக் கண்டு வீடு கலங்குகிறது. முதலில் சித்தப்பிரமை என்கிறார்கள். பிறகு, காரணம் தெரியாத காரியங்கள் வீட்டில் நடக்கத் தொடங்கியதும் தெய்வம் என்கிறார்கள்.

இந்த நாடகத்தையும் வேலின் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். படத்தில், மறைந்தவனை நாம் பார்ப்பதில்லை. அதற்காக வெல்வெட்டும் இரட்டை அச்சும் தேவைப்பட்டன. நாடகத்தில், மறைந்தவனை நாம் பார்க்கிறோம்; மேடையில் இருப்பவர்கள்தான் பார்ப்பதில்லை. இதற்கு ஒரு காசு செலவில்லை. எதிரில் நிற்கும் ஆளை ஊடுருவி அப்பால் பார்க்க மற்ற நடிகர்கள் பழகிக்கொண்டால் போதும். தன் வறுமையையே மேடை இங்கே உத்தியாக்கிக் கொண்டது. மேடைக்கு இந்த ஆற்றல் என்றும் உண்டு. 'ரோபோ' என்ற சொல்லே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் நாடகம் ஒன்றின் வழியாக, 1921இல் பிராக் நகர மேடையிலிருந்து உலகுக்குப் பரவியது அது.

நாடகத்தின் ஆழம் இதோடு நிற்கவில்லை. கொட்டகையில் அமர்ந்திருக்கும் நமக்கு ஜோ தெரிவதால், சீனிவாசன் சொல்வது மெய் என்று நமக்குத் தெரியும். ஆகவே குடும்பத்தாரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சற்று நிதானித்தால் சிரிப்பு அடங்கும். அந்த மனைவியின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிவதை, அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் நம்பலாமா? கூடாது என்றுதான் விஞ்ஞானம் சொல்லும். ஒருவர் கண்டதைப் பிறரும் காணவும் சோதிக்கவும் வழி வேண்டும். அந்தக் குடும்பத்தார் நம்ப மறுத்தது பிழையல்ல. "பைத்தியம்" என்பதிலிருந்து "தெய்வம்" என்பதற்கு ஒரே தாவாகத் தாவியதுதான் பிழை. இரண்டுக்கும் நடுவில் "என்ன நடக்கிறது, சோதித்துப் பார்ப்போம்" என்று ஒரு படி இருக்கிறது. அதில் கால் வைக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

புரியாததைக் கண்டால் ஏளனம் செய்வது, அல்லது கும்பிடுவது - இந்த இரண்டு பழக்கங்களும் நம் சமூகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை இந்த நகைச்சுவை நாடகம் செய்கிறது. இதில் கருவிகளின் கண்காட்சி இல்லை. சூத்திரங்களின் அணிவகுப்பும் இல்லை. ஆனாலும் விஞ்ஞான மனப்பான்மை என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படைப்புகள் தமிழில் குறைவு.

ஒளியால் ஆன ஆட்சியாளன்

ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நாவல், பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. அந்த ஆண்டுகளை நாம் கடந்து வந்துவிட்டோம் என்பதால், எழுதியவரின் கற்பனை எந்த அளவு பலித்தது என்று சரிபார்க்கும் வசதியும் நமக்கு இருக்கிறது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, படிக்கப் படிக்க மனிதனுக்கு நெருங்கி வருகிறது. படிப்பதால் வளரும் இயந்திரம் என்ற கருத்து, ஏராளமான எழுத்துகளை ஊட்டி மொழியறிவு பெறச் செய்யும் இன்றைய கணினி நிரல்களைக் கண்ட நமக்கு அன்றைவிட இன்னும் நன்றாகப் புரிகிறது.

கதையின் மைய மர்மம் ஜீவா. நாடே அஞ்சும் அந்த ஆட்சியாளன் ரத்தமும் சதையும் கொண்ட மனிதன் அல்ல, ஒளியால் உருவாக்கிய முப்பரிமாணப் பிம்பம் என்று தெரிய வரும்போது வாசகன் திடுக்கிடுகிறான். ஹோலோகிராம் எனப்படும் இந்தப் பிம்பத்தின் தத்துவத்தை டென்னிஸ் கபோர் 1940களின் இறுதியில் வகுத்தார். 1960இல் லேசர் பிறந்த பிறகு அது செயலுக்கு வந்தது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பௌதிகக் கருத்தை அரசியல் கேள்வியாக மாற்றியது சுஜாதாவின் சாமர்த்தியம். மக்கள் கீழ்ப்படிவது ஆளுக்கா, பிம்பத்துக்கா?

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். புத்தகத்தில் ஜீவா வெறும் எழுத்து. நாமே அவனுக்கு உடல் கொடுக்கிறோம். ஆகவே அந்த உடல் பறிபோகும்போது அதிர்ச்சி அடைகிறோம். மேடையில் ஜீவாவாக வருபவர் மெய்யான மனிதர். அவரைப் பிம்பம் என்று நம்ப வைப்பது கடினம். தொலைக்காட்சியிலோ எல்லாருமே ஒளிப்பிம்பங்கள்! கதாநாயகி, அவள் கணவன், நாய், சர்வாதிகாரி அனைவரும் திரையில் ஒரே மாதிரி ஒளிப்புள்ளிகள்தான். அங்கே "இவன் மட்டும் பிம்பம்" என்று எப்படிக் காட்டுவது? எழுத்தில் ஒரே வாக்கியத்தில் நடந்துவிடும் காரியத்துக்குத் திரையில் தனி உபாயம் தேட வேண்டியிருக்கிறது. ஜீனோவின் கதியும் இதுவே. வாசகர் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு ஜீனோ குரைத்துக் கொண்டிருந்தது. திரையில் ஏதோ ஒரு நாயைக் காட்டியே தீர வேண்டும். காட்டிய மறுகணமே மற்ற ஜீனோக்கள் காணாமல் போய்விடும்.

எந்திரன்: வென்ற இடமும் தோற்ற இடமும்

2010 அக்டோபர் 1இல் வெளியான 'எந்திரன்' ஒரு நாவலின் நேரடிப் படமாக்கம் அன்று. ஆனால் அதன் வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. இயக்குநர் ஷங்கரும் மதன் கார்க்கியும் உடன் எழுதினார்கள். 2008 பிப்ரவரியில் மறைந்த சுஜாதா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. மனிதனை நெருங்கும் இயந்திரம் என்ற வகையில் சிட்டியை ஜீனோவின் தம்பி என்று சொல்லலாம்.

படத்தின் முற்பாதியில் விதி தெளிவாக இருக்கிறது. சிட்டி எல்லாம் அறிவான்; எதையும் உணர மாட்டான். ஆய்வு நிலையத்தில் சோதனை நடக்கும் காட்சியில், படைத்தவனையே குத்தச் சொன்னாலும் சிட்டி கீழ்ப்படிய முற்படுகிறான். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதியை ஐசக் அசிமோவ் 1942இல் ஒரு சிறுகதையில் வகுத்ததை அறிந்தவர்களுக்கு, அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் காட்டும் காட்சி இது. அடுத்தது தீ விபத்து. குளித்துக் கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கி வந்து எல்லார் முன்னிலையிலும் நிறுத்துகிறான் சிட்டி. உயிரைக் காப்பாற்றியவனுக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பெண் உயிர் துறக்கிறாள். விதியிலிருந்து நேராக விளைந்த துயரம் இது. எந்த நல்ல விஞ்ஞான நாவலிலும் வைக்கத் தகுந்த கட்டம்.

இறுதிக் கட்டத்தில் நிலைமை மாறுகிறது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்தாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் எழுகிறார்கள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் உருவத்தைப் பெருக்குவதற்கு இயற்கை வசூலிக்கும் விலையை 1638இலேயே கலிலியோ தம் நூலில் விளக்கிவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்காகும். தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். அதாவது ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். அந்தப் பேருருவின் அடியில் நிற்கும் சிட்டிகளின் கதி என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

கணக்குப் பிழைக்காக மட்டும் நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "உணர்ச்சி பெற்ற இயந்திரத்துக்கு உரிமை உண்டா? அதைப் படைத்தவன் பொறுப்பு என்ன?" என்று முற்பாதி எழுப்பிய கேள்விகள் அந்தச் சண்டையின் இரைச்சலில் அமுங்கிப் போகின்றன. நல்ல வேளையாக, சிட்டி தன்னைத் தானே கழற்றிக் கொள்ளும் முடிவில் அந்தக் கேள்வி மறுபடியும் தலை தூக்குகிறது. முற்பாதியில் தந்திரக் காட்சிகள் விதிக்கு வேலை செய்தன. இறுதிப் போரில் விதி தந்திரத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக் கொண்டது.

படித்தவரும் பார்த்தவரும் ஒன்றாக அமரட்டும்

ஆக, பெரிய செலவு விஞ்ஞானத்தைக் காப்பாற்றும் என்பதில்லை; சிறிய மேடை அதைக் கெடுக்கும் என்பதும் இல்லை. நான்கு நாற்காலி மேடையில் பிழைத்த விஞ்ஞானம், அகன்ற திரையின் சில கட்டங்களில் மூச்சுத் திணறுகிறது. இதைப் பிரித்தறியும் பழக்கம் இளம் வாசகர்களுக்கு மிகவும் தேவை. திரையில் வேகமாக வந்து விழும் விஞ்ஞானச் சொற்களை மந்திரங்களாக ஏற்றுக்கொள்ளும் மாணவன், சீனிவாசன் வீட்டாரைப் போல, புரியாததைக் கும்பிடக் கற்றுக்கொள்கிறான். எப்படி என்று கேட்கக் கற்பதில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நண்பர்கள் நாலு பேர் சேருங்கள். ஒரு கதையை இருவர் படியுங்கள். மற்ற இருவர் அதன் படத்தையோ நாடகத்தையோ பாருங்கள். நூலுக்குச் சென்னையில் பஞ்சமில்லை; கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் திறந்திருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கிளை நூலகம் உண்டு. பிறகு நால்வரும் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதை வகுத்த விதி எது? மேடையோ திரையோ அந்த விதியை எங்கே காத்தது, எங்கே கைவிட்டது? கைவிட்ட இடத்தில் அதற்கு ஈடாக நமக்கு என்ன கொடுத்தது?

மூன்றாவது கேள்வியை மறக்க வேண்டாம். சனியை இழந்த படம் விண்வெளியின் மௌனத்தை நமக்குக் கொடுத்தது. சிட்டிகளின் பேருருவுக்கு ஈடாக நமக்குக் கிடைத்தது என்ன என்பதை உங்கள் நால்வரின் தீர்ப்புக்கு விட்டுவிடலாம்.